இருபத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள்

நான் குழந்தைகளிடம் குரலை உயர்த்தியதில்லை. இருபத்தொரு வருடங்களில் ஒருமுறைகூட இல்லை. எங்கள் மழலையர் பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் தலைமை டீச்சர் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார். "தொகாஷி டீச்சர் வகுப்புல போய் ஒரு வாரம் சும்மா உக்காருங்க. அதட்டல் ஒண்ணு கேட்டுச்சுன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க." அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துத் தலை குனிவார்கள். நானும் குனிவேன். குனிந்திருக்கும்போது முகத்தில் வரும் சிரிப்பை யாரும் பார்க்க முடியாது என்பது வசதியாக இருந்தது.

என் முறை முழுதாகத் தெரிவது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். சாதம், மிசோ சூப், சுட்ட மீன், வேகவைத்த பூசணி எல்லாம் மேசைகளில் பரிமாறியிருக்கும். அன்றைய பொறுப்புக் குழந்தை வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். எல்லோரும் கைகளைச் சேர்த்து, சாப்பாட்டுக்கு நன்றியாக ஒரே குரலில் "இதாதாகிமாஸ்" சொன்ன பிறகுதான் யாரும் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடலாம். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் அந்த வார்த்தை சொல்லப்படாது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எழுந்து போக மாட்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொல்வேன்.

"எல்லாரும் காத்திருக்கோம்."

பிறகு ஒன்றும் சொல்ல மாட்டேன். மற்ற குழந்தைகள் எல்லாம் காலி நாற்காலிக்கு உரியவன் இருக்கும் திசையில் தலையைத் திருப்புவார்கள். அவ்வளவுதான். திட்டு இல்லை, தண்டனை இல்லை. அந்தப் பார்வைக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்ற குழந்தையை, ஒருத்தி வந்து சேரும்வரை, நான் கண்டதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. என் முதல் வேலையில் மூத்த ஆசிரியை இப்படித்தான் செய்தார். அதற்கும் முன்னால், ஐந்து வயதில், நானே அந்தப் பார்வையின் நடுவில் ஒருமுறை நின்றிருக்கிறேன். எதற்காக நின்றேன் என்பது மறந்துவிட்டது. காது மடல்கள் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்தச் சூட்டை நினைவில் வைத்துக்கொண்டே எப்படி இருபத்தொரு வருடங்கள் அதையே செய்தேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இகாராஷி வகானா செப்டம்பரில் வந்து சேர்ந்தாள். அவளுடைய அம்மா மசுமி விவாகரத்துக்குப் பிறகு சொந்த ஊரான சகாதாவுக்குத் திரும்பி, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வகானாவுக்கு ஐந்து வயது முடிந்து எட்டு மாதம். நெற்றி முடியைத் தானே கத்தரித்துக்கொண்டதால் ஒரு பக்கம் குச்சி குச்சியாக நின்றது. முதல் நாளே மணல் வாளியைக் கொண்டுவந்து காலணி அலமாரியில் ஒவ்வொரு செருப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவைத்தாள். பாட்டு நேரத்தில் பியானோ மூடியைத் திறந்து திறந்து அடித்தாள். தெப்பெய் என்ற பையன் அவளுடைய வண்ணத்தாளை எடுத்ததற்கு அவன் முன்கையைக் கடித்தாள். பற்களின் அச்சு வட்டமாக, நகை போலத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னதும் அவள் ஓடிப்போய்ப் பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். இருபத்து மூன்று தலைகள் திரும்பின.

"காத்திருக்காதீங்க. சாப்பிடுங்க. நான் கரப்பான்பூச்சி. எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்றாள் அடியிலிருந்து.

"கரப்பான்பூச்சியும் சாப்பிடும். எங்க வீட்டுல சோத்துப் பானைக்குள்ளயே இருந்துச்சு. எங்கம்மா பானையைத் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றான் தெப்பெய்.

குழந்தைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் சிரித்தால் காத்திருப்பு கலைந்துவிடும்.

பத்து நிமிடம் ஆனது. என் உதவி ஆசிரியை ஹோன்மா, போன வருடம்தான் கல்லூரி முடித்தவள், என் காதருகில் குனிந்தாள்.

"டீச்சர், சூப் ஆறிப்போச்சு. நான் போய் அலேக்காத் தூக்கிட்டு வந்துடட்டா? குட்டியாத்தானே இருக்கா."

"வேண்டாம். தானா வரணும்."

"தானா வர்றதுக்குள்ள மீன் மறுபடி கடலுக்குப் போயிடும் டீச்சர்."

அன்று பதினேழு நிமிடம் ஆனது. வகானா முழங்காலில் தவழ்ந்து வந்து நாற்காலியில் ஏறினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பொறுப்புக் குழந்தை கையைச் சேர்த்தது. எல்லோரும் ஆறிப்போன சூப்பைக் குடித்தோம்.

மறுநாள் பதினான்கு. அடுத்த வாரம் ஒன்பது. நான் ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். அக்டோபர் பாதியில் நான்கு. மாதக் கடைசியில் பூஜ்யம். அவள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றி முடியும் வளர்ந்து சரியாகியிருந்தது.

இடையில் நடந்த ஒன்றை நான் குறித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கொதோஹா என்றொரு பெண் குழந்தை. எதிலும் முதலாக நிற்பாள். என்னைப் போலவே கைகளை மடியில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் அவள் வகானாவிடம் மெல்லிய குரலில் சொன்னாள். "உன்னாலதான் எல்லாருக்கும் பசிக்குது. ஃபூக்காவுக்கு வயித்தை வலிக்குதாம். உன்னாலதான்." அதட்டல் எதுவும் அந்தக் குரலில் இல்லை. என் குரலைப் போலவே இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. அன்று மாலை என் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'குழந்தைகள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் நினைவூட்டத் தொடங்கியுள்ளனர்.'

அந்தக் குறிப்புகளைத் தலைமை டீச்சர் படித்துவிட்டு, டிசம்பரில் நடக்கும் நகர ஆசிரியைகள் கூட்டத்தில் இதைப் படிக்க வேண்டும் என்றார். "இப்பல்லாம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தப் பிரச்சினைதான். ஒரு குழந்தை மொத்த வகுப்பையும் புரட்டிப் போட்டுடுது. நீ எப்படிச் சமாளிச்சேன்னு நாலு பேர் கேக்கட்டும்." நான் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சரி என்றேன். அறிக்கையில் குழந்தையின் பெயரை எழுதக் கூடாது என்பதால் வகானா 'அ' என்ற குழந்தை ஆனாள். பதினேழில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும் கோட்டை நானே அளவுகோல் வைத்து வரைந்தேன். அழகாக இறங்கியது.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தினசரி நோட்டு ஒன்று உண்டு. வீட்டில் நடந்ததை அம்மா எழுதுவாள், பள்ளியில் நடந்ததை நாங்கள் எழுதுவோம். நல்லதாக ஒன்றாவது எழுதி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். நவம்பர் முதல் வாரத்தில் வகானாவின் அம்மா எழுதியிருந்தாள்: 'வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். பிறகு நாலு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை. சிரிப்பாக இருக்கிறது.'

நான் அதற்குக் கீழே எழுதியது: 'வெளியே நல்ல குளிர் அல்லவா. இன்று வகானா காகிதத்தில் அருமையான நரி செய்தாள்.' நரிக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்தேன்.

அந்தப் பக்கத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிவதில்லை.

நவம்பர் மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. உடற்பயிற்சி அறைக்குப் போவதற்காகக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக நிற்க வைத்திருந்தேன். எல்லோரும் நகர்ந்தார்கள். வகானா நகரவில்லை. பள்ளிக்குள் போடும் அவளுடைய வெள்ளைக் காலணிகளைச் சுற்றித் தரை மின்னியது.

"டீச்சர், வகானா நனைச்சுட்டா" என்றாள் கொதோஹா.

நான் அருகில் போய்க் குனிந்தேன். வகானா அழவில்லை. உதடுகள் உலர்ந்து தோல் உரிந்திருந்தன. அதுவும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"நீங்க போங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் துடைச்சிட்டு வந்துடறேன். சீக்கிரம் துடைச்சிடுவேன்" என்றாள்.

ஹோன்மா அவளைக் கூட்டிப்போய் உடை மாற்றினாள். திரும்பி வந்தபோது ஹோன்மாவின் முகம் எப்போதும் போல இல்லை. விளையாட்டுப் பேச்சு வரவில்லை.

"டீச்சர், அவ காலையிலேர்ந்து ஒரு தடவைகூடப் போகலையாம். இன்னைக்கு மட்டும் இல்ல. தினமும் போறதில்லையாம்."

"ஏனாம்?"

"போனா எல்லாரும் காத்திருக்கணுமாம். தண்ணி குடிச்சாதானே வரும், அதனால குடிக்கிறதும் இல்லையாம். சூப்பை அப்படியே தெப்பெய் கிண்ணத்துல ஊத்திடுறாளாம். அவன் ஜோரா ரெண்டு சூப் குடிச்சிருக்கான் இத்தனை நாளும்." பிறகு சொன்னாள். "நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் டீச்சர். நானும் பார்க்கலை."

'நானும்' என்று அவள் சொன்னது என்னைச் சேர்த்து. பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். பழியில் பாதியை எடுத்துக்கொள்ள வந்தாள். அதை அவளிடம் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மை.

சனி, ஞாயிறு போய்த் திங்களன்று வகானா வரவில்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று அம்மா போனில் சொன்னாளாம். அன்று மதியம் பொறுப்புக் குழந்தை தெப்பெய். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று வகுப்பைப் பார்த்தான்.

"இன்னைக்கு வகானா இல்ல. சீக்கிரம் சாப்பிடலாம்" என்றான்.

குழந்தைகள் கை தட்டினார்கள்.

ஒரு மாதமாக வகானாதான் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவளால் யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கை தட்டினார்கள். தீய குழந்தைகள் அல்ல. பூனைக்குட்டி செத்தால் அழுகிறவர்கள். யாரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆசிரியை நாலு வார்த்தை அதட்டியிருந்தால் அந்தக் குழந்தை அவளை வெறுத்திருக்கும், வீட்டில் போய் அவளைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கும். நான் வெறுக்கவும் இடம் கொடுக்கவில்லை. அமைதியாக இருந்தேன். அதட்ட வேண்டியதை இருபத்து மூன்று ஐந்து வயதுக்காரர்களின் கண்களில் ஏற்றிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை அவள் வரமாட்டாள் என்று தெரிந்ததும் எனக்குள்ளும் ஏதோ இளகியது. கை தட்டாத ஒரே வித்தியாசம்தான் எனக்கும் அவர்களுக்கும்.

தலைமை டீச்சரிடம் போய், அறிக்கையைப் படிக்கப் போவதில்லை என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்னப் பிசகு. பாத்ரூம் விஷயத்தை மட்டும் சேர்த்துத் திருத்திக்கோ, இன்னும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி விடு. அம்மா வந்தா என்ன சொல்றதா இருக்க?" என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்லணும்."

"உடம்பு சரியில்லாம ஆயிடுச்சு, வருத்தப்படறோம்னு சொன்னா போதும். எல்லாத்தையும் கொட்டித்தான் ஆகணும்னு இல்ல." அவர் கெட்டவர் இல்லை. பள்ளியைக் காப்பாற்ற வேண்டியவர்.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு மசுமி தனியாக வந்தாள். வகானா வீட்டில் மசுமியின் தங்கையோடு இருந்தாள். வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது, அவள் தோள்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது. முதியோர் இல்லச் சீருடையை மாற்றாமல் மேலே கோட்டு மட்டும் போட்டிருந்தாள். கையில் கடைத்தாளில் சுற்றிய இனிப்புப் பெட்டி. நுழைவாயிலிலேயே, ஷூவைக் கழற்றுவதற்கும் முன்னால், பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டி இடுப்பு வரை குனிந்தாள்.

"டீச்சர், எங்க வகானா உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டா. இந்த வயசுல போய் வகுப்புலயே நனைச்சிருக்கா. நான் சரியாப் பழக்கலை. என் தப்புதான்."

"வகானா அம்மா, நிமிருங்க. இதெல்லாம் நாங்க வாங்கக் கூடாது."

"தெரியும். ஆனா வெறுங்கையோட வர முடியலை."

நான் அவளைக் குழந்தைகளின் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, நானும் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு பேரின் முழங்கால்களும் நெஞ்சுக்கு அருகில் இருந்தன. சொன்னேன். பியானோவின் அடி, பதினேழு நிமிடம், இருபத்து மூன்று பேர், கொதோஹா சொன்னது, நான் கேட்டும் நிறுத்தாதது, சூப், தண்ணீர். நோட்டில் அவள் எழுதியதையும் நான் எழுதியதையும் சொன்னேன். கை தட்டியதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்காக மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்காக மறைத்தேன் என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

நான் முடித்ததும் மசுமி பெட்டியின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்க இல்லத்துல ஒரு தாத்தா இருக்காரு. தலைமாட்டுல பெல் இருக்கு. அடிக்கவே மாட்டாரு. வேலைக்கு நீங்க மூணு பேர்தான் இருக்கீங்க, எதுக்கு ஓட வைக்கணும்னு அடக்கி அடக்கி வச்சுக்குவாரு. மாசம் ஒரு தடவை அவருக்கும் இதே காய்ச்சல். நான்தான் போய்த் திட்டுவேன், பெல்லை அடிங்க தாத்தான்னு." அவள் லேசாகச் சிரித்தாள். "அவருக்கு எண்பத்தெட்டு. இவளுக்கு அஞ்சு."

நான் தலை குனிந்தேன். "மன்னிச்சுடுங்க."

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அதற்காகத்தான் எல்லாவற்றையும் சொன்னேனோ என்று அப்போது பட்டது. சொல்லிவிட்டால் சுமை இறங்கும் என்ற கணக்கு.

"அந்தக் காத்திருக்கிற முறையை நிறுத்திடாதீங்க" என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"முன்னாடி இருந்த ஊர்ல தினமும் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் வரும். யாரையோ கடிச்சுட்டா, எதையோ உடைச்சுட்டா, வந்து கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வேலை போச்சு. மூணாவது வேலைக்குப் போகும்போது புருஷனும் போயாச்சு. இங்க வந்து அக்டோபர்லேர்ந்து ஒரு போன்கூட இல்ல. போன் வராத பதினோரு மணி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர். நான் உக்காந்து டீ குடிச்சேன்." கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "ஏப்ரல்ல பெரிய பள்ளிக்கூடம். நாப்பத்தஞ்சு நிமிஷம் உக்காரணும். அங்க யாரும் பியானோக்கு அடியில விட மாட்டாங்க. பாத்ரூமுக்கு மட்டும் மணி பார்த்து அனுப்பிடுங்க. மத்தபடி இறுக்கமாவே வச்சிருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் இன்னொருமுறை குனிந்தாள். அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்ததில் அவள் தலை கிட்டத்தட்ட என் முழங்காலைத் தொட்டது. நான் "சரி" என்று சொல்லவில்லை. "மாட்டேன்" என்றும் சொல்லவில்லை. "பார்க்கிறேன்" என்றேன். போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். வகானாவுக்குக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த திங்கள் வகானா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பத்து மணிக்கு நான் அவளைப் பாத்ரூமுக்கு அனுப்பினேன். பதினொன்றரைக்கும் அனுப்பினேன். இரண்டு தடவையும் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, "வரலை டீச்சர்" என்றாள், தேர்வில் தோற்றவள் மாதிரி. தண்ணீர் டம்ளரை நான் பார்க்கும்போது மட்டும் வாயில் வைத்தாள்.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அன்று பொறுப்பு கொதோஹாவுடையது. அவள் கைகளைச் சேர்க்கும்போது நான் வகானாவின் கால்களைப் பார்த்தேன். முழங்கால்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன. ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி நின்றது.

"வகானா, போயிட்டு வா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"இப்ப வருதுல்ல? போ."

"எல்லாரும் காத்திருப்பாங்க."

"காத்திருக்க மாட்டோம். நாங்க சாப்பிட ஆரம்பிச்சிடுவோம்."

அவள் என்னை நம்பவில்லை. ஆனால் உடம்பு பொறுக்கவில்லை. எழுந்து ஓடினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கொதோஹா, ஆரம்பி" என்றேன்.

கொதோஹா கைகளைச் சேர்த்தபடியே நின்றாள். "வகானா வரலை டீச்சர்."

"பரவாயில்ல. இனிமே உக்காந்திருக்கிறவங்க சாப்பிடலாம். வர்றவங்க வந்து சேர்ந்துக்கலாம்."

யாரும் அசையவில்லை. கைகள் மடியில் இருந்தன. நான் கற்றுக்கொடுத்தபடி முதுகுகள் நேராக இருந்தன. ஒவ்வொரு தலையாகப் பாத்ரூம் கதவின் பக்கம் திரும்பியது. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பார்வை தெரியாதுதான். ஆனால் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்றாள் ஹோன்மா.

"எல்லாரும் காத்திருக்கணும்" என்றான் தெப்பெய், எனக்கு மறந்துபோய்விட்டதை எடுத்துக் கொடுக்கிறவன் போல.

நான் குச்சிகளைக் கையில் எடுத்தேன். கைகளைச் சேர்க்கவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கிண்ணத்தைத் தூக்கி சூப்பை ஒரு வாய் குடித்தேன். என் வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை, தனியாக இருக்கும்போதுகூட. ஒரு குழந்தை மூச்சை உள்ளே இழுத்தது. இருபத்து மூன்று தலைகளும் கதவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பின.

"டீச்சர் தப்புப் பண்றாங்க" என்றாள் ஃபூக்கா.

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்கே அந்தக் கண்களுக்கு முன்னால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. சாதத்தை ஒரு வாய் எடுத்து மென்றேன். மெல்லும் சத்தம் எனக்கே கேட்டது. தெப்பெய் என்னைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், மீனைப் பார்த்தான். மெதுவாக ஒரு துண்டுப் பூசணியைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இன்னும் ஒருத்தி. இன்னும் இரண்டு பேர்.

பாத்ரூம் கதவு திறந்தது. வகானா கைகளிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து நின்றாள். சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாள். என் கன்னம் அசைவதைப் பார்த்தாள்.

அவள் முகம் தெளியும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு வாரமாக அதைத்தான் மனதில் வரைந்துகொண்டிருந்தேன்.

"என்னை விட்டுட்டுச் சாப்பிடுறீங்க" என்றாள்.

"நீ நிம்மதியாப் போயிட்டு வரணும்னுதான்..."

"எனக்காக யாரும் காத்திருக்கலை." அவள் உதடு இழுபட்டது. "மத்தவங்களுக்கெல்லாம் காத்திருந்தீங்க. எனக்கு மட்டும் காத்திருக்கலை."

அது நியாயம்தான். அந்தக் காத்திருப்பில் அவளைச் சுட்ட ஒன்று இருந்தது. அதே காத்திருப்பில் அவளும் இருபத்து நான்கில் ஒருத்தி என்று எண்ணப்பட்டதும் இருந்தது. நான் இரண்டையும் ஒரே கையால் துடைத்து எறிந்துவிட்டேன், அவளைக் கேட்காமலே.

வகானா கத்தினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தன் மேசைக்கு வந்து சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அது தரையில் உருண்டு போனது. நாற்காலியை உதைத்தாள். ஃபூக்கா காதைப் பொத்திக்கொண்டாள். சாப்பிடத் தொடங்கியவர்கள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். ஏப்ரன் கட்டிய கொதோஹா என்னிடம் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சொல்லுங்க. நீங்க எப்பவும் சொல்றதைச் சொல்லுங்க. அப்ப நிறுத்திடுவா."

சொன்னால் நிறுத்திவிடுவாள். எனக்கும் தெரியும். இரண்டே வார்த்தை. நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் இந்த அறை அமைதியாகிவிடும், மசுமி பதினோரு மணிக்கு டீ குடிப்பாள், ஏப்ரலில் இந்தப் பெண் நாற்பத்தைந்து நிமிடம் உட்காருவாள்.

ஹோன்மா கதவருகில் நின்று கேட்டாள். "டீச்சர், வகானா அம்மாவுக்கு போன் பண்ணிடவா?"

"வேண்டாம். நீ மத்தப் பிள்ளைங்களைச் சாப்பிட வை. மீனை உதிர்த்துக் கொடு."

நான் எழுந்து போய் வகானாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சூப் என் பாவாடையில் ஊறியது. அவள் என் தொடையில் உதைத்தாள். வலித்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். இருபத்தொரு வருடங்களில் சேர்த்துவைத்த எதுவும் அங்கே உதவவில்லை. வேறு முறை எதுவும் என்னிடம் இருந்ததே இல்லை.

"கோபமா இருக்கா?" என்றேன்.

அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். பிறகு ஒரு கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தாள். எனக்குப் பின்னால் ஹோன்மா யாரையோ சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொதோஹா ஏப்ரனோடு நின்ற இடத்திலேயே அழத் தொடங்கியிருந்தாள். அவளையும் கூப்பிட்டு இந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டேன். ஒருத்தி கத்த, ஒருத்தி விம்ம, நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.